ஐயாவுக்கு ஆறு அசை, எங்களுக்கு எட்டு

பயிற்சி ஐயா, நீங்கள் பொய் எழுதினீர்கள். எழுதியதற்குக் கீழே கையெழுத்தும் போட்டீர்கள். பச்சை மை.

பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சரி, போடவில்லை. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பாதையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஐந்து சனிக்கிழமை வந்துபோனவர் யார் என்று அவருக்கே தெரியும். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நாய்களுக்கும் தெரியும். ஐந்து தடவையும் அவை குரைத்தன. நாங்கள்தான் வாங்க என்று சொன்னோம். நாய்கள் எங்களைவிடக் கெட்டித்தனம்.

போன வாரம் என் கல்யாணப் பந்தல் மழையில் விழுந்த கதையைப் படித்துவிட்டு, இந்த வாரமும் சிரிப்பாக எழுதுங்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதுவும் சிரிப்புக் கதைதான். யார் சிரித்தார்கள் என்பதுதான் பிரச்சினை.

வாத்துகளின் மேல் ஒரு மனுசன்

வெளியே மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்கவில்லை. நாங்கள் ஆறு பேர் புள்ளைக் காம்பராவுக்குள் உட்கார்ந்திருந்தோம். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. பெரியவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். பால்மாவும் பினாயிலும் காயாத துணியும் சேர்ந்த வாசனை.

சுவரில் மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த வாத்துகளின் மேலே பயிற்சி ஐயா ஒரு பெரிய படத்தை மாட்டினார். தோலை உரித்த ஒரு ஆள். தலை, கழுத்து, தோள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தசை.

"யாருடி இந்தாள உரிச்சது?" என்றாள் ஜெயந்தி. எங்களில் வயது குறைந்தவள் அவள், வாய் கூடியவளும் அவள்தான். "எறச்சிக் கடையில தொங்குற மாதிரியே இருக்காரு."

ஐயா ஒரு குச்சியை எடுத்துப் படத்தின் கழுத்தில் வைத்தார். காதுக்குப் பின்னாலிருந்து சாய்வாக இறங்கி நெஞ்சுக்குழிப் பக்கம் வரும் ஒரு பட்டைத் தசை.

"இதன் பெயர் ஸ்டர்னோக்ளைடோமாஸ்டாய்ட்" என்றார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார், நாங்கள் மயங்கி விழப்போவதைப் பிடிக்கத் தயாராக நிற்பவர் மாதிரி.

யாரும் விழவில்லை. பாக்கியம் மட்டும் தன் வலது கழுத்தில் கையை வைத்தாள்.

"இந்தா, இதுதான். இதேதான் புள்ள" என்றாள் என்னிடம்.

இரண்டு வருஷமாகத் தன்னைக் கொல்லும் இடத்துக்கு ஒரு பேர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

நோவுக்குப் பேர் வேணும்

பாக்கியத்துக்கும் எனக்கும் ஒரே வயசு. ஒரே கிழமையில் தோட்டத்தில் பேர் பதிந்தோம். மலையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை, அதாவது கொழுந்து எடுக்க ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசை. என் புருஷன் முகத்தைப் பார்த்ததைவிட நான் அவள் முகத்தைப் பார்த்த நேரம் அதிகம்.

கூடையை நாங்கள் முதுகில் சுமக்கிறோம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். சுற்றுலாப் படங்களில் அப்படித்தான் தெரியும். முதுகு சும்மா சாய்மானம். சுமப்பது தலை. கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும், பாரம் பின்னால் தொங்கும், தலை பின்பக்கம் சாய்ந்துவிடாமல் கழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் அதுதான் கழுத்துக்கு வேலை.

மூங்கில் கூடை போய் நைலான் பை வந்துவிட்டது. முன்னேற்றம் என்றார்கள். கயிறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் உச்சந்தலையில் கயிறு போகிற வழியில் முடி கிடையாது. வகிடு எடுக்கிற வேலை மிச்சம்.

நான் முதன்முதலாகக் கூடை மாட்டிய கிழமையில் சோறு விழுங்கும்போது வலித்தது. தொண்டைப் புண் என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "தொண்ட இல்லடி, கவுறு" என்றார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் வலி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

பாக்கியத்துக்குப் பழகவில்லை. இடது பக்கம் தலையைத் திருப்பினால் வலது கழுத்தில் கொக்கி போட்டு இழுக்கிற மாதிரி இருக்கும் என்பாள். பிறகு திருப்பவே முடியாமல் போனது. இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். குறுக்குப் பாதையில் லொறி திருப்புகிற மாதிரி. ஜெயந்தி பின்னால் நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், ஹோல்டான்!" என்று கத்துவாள். பாக்கியமும் சிரிப்பாள். சிரித்தால் இன்னும் வலிக்கும். அதற்கும் சிரிப்பாள்.

வேலையை விட்டுவிட முடியாதா என்று கேட்பீர்கள். பாக்கியத்தின் புருஷன் செத்துப்போனான். வீட்டில் ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பரா அவர்களுக்கு. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நாற்றுப் பந்தலில் வேலை. பைக்குள் மண் நிரப்ப வேண்டும், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தலையில் கயிறு கிடையாது. அங்கே ஒரு ஆளுக்கு இடம் இருந்தது.

அதற்கு என்ன நோவு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். தோட்டத்து மருந்துக் காம்பராவில் எங்கள் எல்லாருக்கும் ஒரே துண்டுதான் கிடைக்கும்: "உடம்பு வலி." வழுக்கி விழுந்து கை வீங்கியவளுக்கும் உடம்பு வலி, பல்வலிக்காரிக்கும் உடம்பு வலி. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு துண்டு வாங்கி வந்தாள். அதில் டொக்டர் எழுதியிருந்த இங்கிலீசு, ஒபிஸில் யாருக்கும் வாசிக்க வரவில்லை. வாசிக்கத் தெரியாதது அவர்கள் குற்றம், திரும்பி வந்தது அவள் துண்டு.

பெரிய கிளாக்கர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"கழுத்து வலி யாருக்குத்தாம்மா இல்ல? எனக்கும்தான் இருக்கு. கழுத்து வலின்னு வேல மாத்தப் போனா மலையில ஒரு ஆளு நிக்காது. நோவுக்குப் பேர் வேணும். எந்த எடம், என்னா பேரு, எல்லாம் வெளங்குற மாதிரி வேணும்."

அந்த நேரத்தில்தான் ஒரு நிறுவனம் வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்களிலேயே ஐந்து பேருக்கு வகுப்பு. பரீட்சையில் தேறினால் சுகாதாரத் தோழி. சுகாதாரத் தோழிகள் ஒரு பெண்ணைப் பார்த்து, நோவு எந்த இடத்தில் என்று அச்சடித்த பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒபிஸ் மூன்று மாதத்துக்கு வேலை மாற்றித் தரும். தோட்டத்தை நடத்துகிற துரையே சம்மதித்துவிட்டாராம்.

ஐந்து பேரில் நானும் ஒருத்தி, ஜெயந்தியும் ஒருத்தி. பாக்கியத்துக்கு எழுத வராது, ஆகவே சேர்க்கவில்லை. ஆனால் தொட்டுக் காட்டிப் படிக்க ஒரு கழுத்து வேண்டுமாம். அதற்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஒரு சொல்லுக்கு மூன்று சனிக்கிழமை

முதல் சனிக்கிழமை பேனர் கட்டுவதிலும் அறிமுகத்திலும் போனது. கடைசிச் சனிக்கிழமை பரீட்சை. நடுவில் இருந்தவை மூன்று. அந்த மூன்றும் இந்த ஒரே சொல்லுக்குப் போயின.

வலிக்கு என்ன செய்வது என்று கேட்டோம். சூடு வைக்கலாமா, கயிறை மாற்றிப் போடலாமா, எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டோம்.

"முதலில் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்" என்றார் ஐயா. "கிரேக்கம்தான் மருத்துவத்தின் தாய்மொழி."

சொல்லைக் கரும்பலகையில் எழுதித் துண்டு துண்டாக வெட்டினார்.

"ஸ்டர்னோன் என்றால் நெஞ்சு. இங்கே நெஞ்செலும்பு. க்ளைஸ் என்றால் சாவி. அது இந்தக் காறை எலும்பு. நடுவில் வருகிற 'ஓ' இரண்டும் ஒட்டவைக்கும் பசை."

"கழுத்துல சாவியா ஐயா?" என்றாள் பாக்கியம்.

"காறை எலும்பு பழைய காலத்துச் சாவி மாதிரி வளைந்திருக்கும், அம்மா."

"சாவி இருந்தா கொஞ்சம் தெறந்து விடுங்க ஐயா. ரெண்டு வருசமா பூட்டித்தான் கெடக்கு."

நாங்கள் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. அடுத்த துண்டுக்குப் போனார். "மாஸ்டோஸ் என்றால்..." என்று தொடங்கி நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். வாத்துகளைப் பார்த்தார்.

"ஒரு மேடு. உருண்டையான மேடு. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு. பழம் மாதிரி."

"என்னா பழம் ஐயா?" என்றாள் ஜெயந்தி.

"ஏதோ ஒரு பழம். ஓய்ட் என்றால் 'போன்ற' என்று அர்த்தம். அதை எழுதிக்கொள்ளுங்கள்."

அன்றைக்குப் பொழுது சாய என் மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். பழமும் இல்லை, காயும் இல்லை. முலை. கிரேக்கக்காரர்களுக்குக் காதுக்குப் பின்னால் தொட்டதும் அந்த ஞாபகம் வந்திருக்கிறது. அது அவர்கள் பாடு. ஆனால் காலை பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து ஓடி வந்து, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே குந்தி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடுகிற அறை அது. அந்த அறைக்குள் நின்றுகொண்டு முலை என்று சொல்ல வெட்கப்பட்ட ஒரே மனுசன் எங்கள் பயிற்சி ஐயாதான்.

திங்கட்கிழமை மலையில் ஜெயந்தி இரண்டு காதுக்குப் பின்னாலும் கையை வைத்துக்கொண்டு, "யாருக்கு வேணும் பழம்? ரெண்டு இருக்கு!" என்று ஏலம் விட்டாள். மேல் பாதையில் நின்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என்ன சத்தம் என்று கேட்டார். "படிக்கிறோமுங்க!" என்றோம்.

பஸ் போர்டு

எனக்கு அந்தச் சொல் விளங்கியது வகுப்பில் இல்லை, பஸ்ஸில். அரிசி வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பும்போது நின்றுகொண்டே வந்தேன். முன்னால் வந்த பஸ்ஸின் போர்டு: ஹட்டன் – நோர்வூட் – பொகவந்தலாவை. எங்கே புறப்படும், எதைத் தொடும், எங்கே போய் நிற்கும். அவ்வளவுதான். அந்தத் தசையின் பெயரும் அதுதான். நெஞ்சு – காறை – காதுப் பின் எலும்பு. இதற்குத் தாய்மொழியும் வேண்டாம், பெரியம்மா மொழியும் வேண்டாம். ஏறி இறங்குகிற இடம் தெரிந்தால் போதும்.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் விரலால் தன் கழுத்தில் ஒரு தடவை போய் வந்தாள்.

"அப்ப எனக்கு நோர்வூட்டுல பிரேக்டவுன்" என்றாள்.

சனிக்கிழமை ஐயாவிடமும் இதைச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அப்படியெல்லாம் விளங்கிக்கொள்ளக் கூடாது, அம்மா. அது விஞ்ஞானம் இல்லை. எத்தனை அசை, சொல்லுங்கள்."

எட்டுக்கு வந்த கை

அவருக்கு ஆறு அசை. ஸ்டர், னோ, க்ளை, டோ, மாஸ், டாய்ட். மேசையில் தட்டித் தட்டிக் காட்டினார். மாஸ் என்கிற இடத்தில் மட்டும் பலமாகத் தட்ட வேண்டுமாம். அழுத்தம் அங்கே.

எங்கள் வாய்க்கு எட்டு வந்தது. எங்கள் நாக்கு 'இ' போடாமல் 'ஸ்ட' என்று புறப்படாது, 'டு' போடாமல் முடிக்காது. இஸ், டர், னோ, க்ளை, டோ, மாஸ், டாய், டு. ஒரு முழுச் சனிக்கிழமை அந்த 'இ'யையும் அந்த 'உ'வையும் பிடுங்கப் பார்த்தார். களை பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கினார். வரவில்லை.

அழுத்தம் அதைவிட மோசம். எங்கள் பேச்சில் ஒரு சொல்லுக்குள் ஒரு இடத்தை மட்டும் தூக்கி அடிக்கிற பழக்கம் கிடையாது. கோபம் வந்தால் முழுச் சொல்லையும் தூக்கி அடிப்போம். இது ஐயாவுக்குத் தெரியாது. ஒன்று ஸ்டரில் அடித்தோம், இல்லையென்றால் எல்லா இடத்திலும் அடித்தோம். "ஆடு மாதிரிக் கத்துகிறீர்கள்" என்றார். எழுதி வைத்திருக்கிறேன், ஐயா. மறுக்க வேண்டாம்.

வழி கண்டுபிடித்தது பாக்கியம். எழுதத் தெரியாது என்று சேர்க்காமல் விட்டார்களே, அவள்தான்.

திங்கட்கிழமை காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறி முதல் செடியில் கை வைத்தபோது அவள் நிரையிலிருந்து சத்தம் கேட்டது. வலது கை கிள்ளும்போது இஸ். இடது கை கிள்ளும்போது டர். வலது னோ, இடது க்ளை, வலது டோ. கை இரண்டும் நிறைந்துவிட்டது. இரண்டு கையும் சேர்ந்து தோளுக்கு மேலாகக் கொழுந்தைப் பைக்குள் எறிந்தன: மாஸ்! டாய், டு என்பதற்குள் கைகள் செடிக்குத் திரும்பிவிட்டன.

நான் நின்று பார்த்தேன். எட்டு, கச்சிதமாக எட்டு. எறிகிற இடத்தில் தானாகவே அழுத்தம் விழுந்தது. ஐயா மூன்று கிழமை மேசையை உடைத்துச் சொல்லிக் கொடுக்க முடியாததை அவள் கை ஒரு நிமிஷத்தில் செய்தது.

"எப்புடி புள்ள?" என்றேன்.

"எறியயிலதான் எனக்கு வலிக்கும். வலிக்கிற எடத்துல கத்துனேன், சரியா வந்துருச்சு" என்றாள்.

பத்து மணிக்குள் எங்கள் ஐந்து பேருக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் வகுப்புக்கே போகாதவர்களுக்கும் வந்துவிட்டது. பனிக்குள் ஆள் தெரியாது, சொல் மட்டும் நிரை நிரையாகக் கேட்கும். மாஸ்! மாஸ்! கங்காணி பயந்துபோய்க் கேட்டார்.

"என்னா மந்திரம் ஓதுறீங்க?"

"பேய் ஓட்டுறோம் கங்காணி. ஒங்க பக்கமா வருது, ஓடுங்க" என்றாள் ஜெயந்தி.

கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்

பரீட்சைச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். கூடவே கமெராவோடு ஒருவர். புள்ளைக் காம்பராவுக்குப் புதிதாகப் பெரிய நாற்காலிகள் மூன்று வந்திருந்தன. மேடத்துக்கு ஒன்று, ஐயாவுக்கு ஒன்று, அவருடைய பைக்கு ஒன்று.

ஜெயந்தியை முதலில் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று சொன்னாள். சொல்லும்போது கைகள் தானாகக் கிள்ளத் தொடங்கின. மாஸ் என்கிற இடத்தில் இரண்டு கையும் தோளுக்கு மேலே போயின. அவளைப் பார்த்ததும் எங்களுக்கும் கை எழும்பியது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில், இல்லாத கொழுந்தை இல்லாத பைக்குள் எறிந்தோம். ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பாக்கியமும் எறிந்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்தச் சொல் எங்கள் வாய்க்கு வந்தது கை வழியாகத்தான். கையில்லாமல் அது வராது.

"ஹரி லஸ்ஸனய்!" என்றார் மேடம். சிங்களத்தில் மிக அழகு என்று அர்த்தம். கைதட்டினார். கமெராக்காரர் கிளிக் கிளிக் என்று எடுத்தார். அவர் ஓடிப்போய் இடப்பக்கக் கதவோரம் நின்று, "எல்லாரும் இங்க பாருங்க! மறுபடி ஒருதரம்!" என்றார். மறுபடி எறிந்தோம்.

ஐயாவின் முகம் படத்தில் இருந்த ஆளின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இது கூத்து மேடை இல்லை. ஒரு விஞ்ஞானச் சொல்லைக் கேலி செய்கிறீர்கள். என்னைக் கேலி செய்கிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்."

கட்டிக்கொண்டோம். ஜெயந்தி இஸ்டர் என்றாள், அதற்கு மேல் வரவில்லை. நான் க்ளையில் நின்றுவிட்டேன். கையைக் கட்டிவிட்டு இவ்வளவுதானா என்று கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது அரசியல், வேறு வாரம் திட்டுகிறேன்.

அடுத்தது தொட்டுக் காட்டுவது. என் முறை. பாக்கியத்தின் காதுக்குப் பின்னால் விரலை வைத்தேன். எலும்பு மேட்டில் தொடங்கி, தசையோடு இறங்கி, அது இரண்டாகப் பிரிந்து ஒன்று காறை எலும்பிலும் ஒன்று நெஞ்செலும்பிலும் போய்ச் சேரும் இடம்வரை காட்டினேன். அவள் கழுத்து விறகு மாதிரி இருந்தது. தொட்ட இடமெல்லாம் துடித்தது. ஒரு இடம் பிசகாமல் காட்டினேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

"தசை எழும்பித் தெரியவில்லை" என்றார் ஐயா. "அவரை இடது பக்கம் திரும்பச் சொல்லுங்கள்."

பாக்கியம் முயன்றாள். ஒரு விரல் அகலம் திரும்பினாள். மேல் உதட்டில் வேர்வை பூத்தது. நின்றுவிட்டாள்.

"முழுதாகத் திரும்புங்கள் அம்மா."

இன்னொரு தடவை முயன்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திரும்புங்கள் என்று சொல்கிறேன்."

"திரும்ப முடிஞ்சா நான் ஏங்கய்யா இங்க வந்து குந்தியிருக்கேன்?" என்றாள்.

அவர் குனிந்து எழுதினார். எங்களுக்குத் தேநீரும் பன் மாதிரியான பனிசும் கொடுத்தார்கள். எங்கள் மலைக் கொழுந்தில் போட்ட தேநீர் இல்லை அது. பைக்கட்டில் நூல் கட்டித் தொங்கியது.

மூன்று வரி

இரண்டு கிழமை கழித்து ஒபிஸில் கூப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இந்தத் தடவை எழுத்து நன்றாக விளங்கியது.

உச்சரிப்பு: போதாது. ஒழுக்கம்: போதாது. நோயாளி: தலையைத் திருப்ப ஒத்துழைக்கவில்லை.

அப்படியே எழுதியிருந்தது. பச்சை மையில்.

"தேறலன்னா கையெழுத்துப் போட முடியாது. அது ஒண்ணு" என்றார் கிளாக்கர். "இன்னொண்ணு, பாக்கியம் ஒத்துழைக்கலன்னு படிச்ச மனுசன் எழுதியிருக்காரு. இத வச்சிக்கிட்டு நான் எப்புடி வேல மாத்துறது?"

"நான் ஒத்துழைச்சேங்க" என்றாள் பாக்கியம். "கழுத்துதான் ஒத்துழைக்கல."

கிளாக்கர் தாளை மேலும் கீழும் பார்த்தார். கெட்ட மனுசன் இல்லை அவர். பிறகு, "அதுக்கு பாரத்துல எடம் இல்லம்மா" என்றார்.

நாற்றுப் பந்தலில் இருந்த இடத்துக்கு அந்த மாதமே வேறு ஒருத்தியைப் போட்டார்கள். மழை முடிந்ததும் இன்னும் ஒரு ஆள் எடுப்பார்களாம். அதற்கும் துண்டு வேண்டுமாம். துண்டு கேட்டுப் போனால் பழைய தாளை எடுத்துக் காட்டுவார்களாம்.

நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று இருந்தது. கருத்து! நான் கருத்துச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கழுத்தைப் பற்றிப் பொய் எழுதியிருக்கிறீர்கள், திருத்துங்கள் என்று சொன்னேன்.

அட்டைப் படம்

போன மாதம் புள்ளைக் காம்பராவுக்கு ஒரு புத்தகம் வந்தது. பளபளப்பான தாள். அந்த நிறுவனம் வருஷா வருஷம் போடுகிற புத்தகம். அட்டையில் நாங்கள். ஐந்து பேரும், பாக்கியமும், கைகளைத் தோளுக்கு மேலே தூக்கி எறிந்துகொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பின்னால் மஞ்சள் வாத்துகள். கீழே பெரிய எழுத்தில், "கற்றலின் மகிழ்ச்சி."

ஒழுக்கம் போதாது என்று எழுதிய அதே நிமிஷம். உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு ஐயாவின் கட்டுரை. தோட்டப் பெண்கள் உடலசைவால் கற்கும் புதுமையான முறையாம். அவர் கண்டுபிடித்ததாம்.

ஜெயந்தி அதை வாசித்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னாள். அதை இங்கே போட மாட்டார்கள்.

நான் கட்டுரையை விட்டுவிட்டேன். கண்டுபிடித்தவர் அவராகவே இருக்கட்டும். நான் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கமெராக்காரர் இடப்பக்கக் கதவோரம் நின்று, எல்லாரும் இங்க பாருங்க என்றாரே, அப்போது எடுத்தது. ஐந்து முகமும் கமெராவைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பாக்கியத்தின் முகம் நேராக இருக்கிறது. கண்மணி இரண்டும் மட்டும் கமெராவைத் தேடி இடது ஓரத்துக்கு ஓடிப்போயிருக்கின்றன. வெள்ளை விழி தெரிகிறது. கழுத்து போகாத இடத்துக்குக் கண்ணாவது போகட்டும் என்று அனுப்பியிருக்கிறாள். வாய் சிரிக்கிறது.

ஐயா, அந்தப் புத்தகம் உங்கள் மேசையில் இருக்கும். எடுத்து வைத்துப் பாருங்கள். நீங்கள் அச்சடித்த படம், நான் அச்சடித்ததில்லை. கூப்பிட்ட பக்கம் பார்க்க இவ்வளவு பாடுபடுகிறவள் ஒத்துழைக்காதவளா? இல்லை என்றால், எழுதியது தவறு என்று இதே பத்திரிகையில் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஆமாம் என்றால் அதையும் பெயரைப் போட்டு எழுதுங்கள், ஊர் படிக்கட்டும். கிரேக்கம் வேண்டாம். எங்கள் கிளாக்கருக்கு வாசிக்க வருகிற தமிழில் ஒரு வரி போதும். அந்த வரியைக் கத்தரித்து நான் ஒபிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மழை முடியப் போகிறது. எப்போது எழுதுவீர்கள்?